கப்பலில் கரண்ட் போகாது

அத்தியாயம் 3

"இன்னொரு தடவை போடு" என்றாள் அனுஷா.

அவளுடைய உதவியாளன் பெர்னார்ட் டேப்பைப் பின்னுக்கு ஓட்டினான். "இதோட ஆறு ஆச்சு மேடம். இன்னும் ரெண்டு தடவை கேட்டா நானும் இவரை அப்பான்னு கூப்பிட ஆரம்பிச்சுடுவேன்."

எதிரே உட்கார்ந்திருந்த சஞ்சய் சிரிக்கவில்லை. சனிக்கிழமையிலும் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு வந்திருந்தான். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேலே, ஒரு மேஜையும் மூன்று நாற்காலிகளும் போட்டால் நிரம்பிவிடுகிற அறைதான் அனுஷாவின் துப்பறியும் அலுவலகம். கீழே பன் வேகும் வாசனை மாடிவரை வந்தது. அவன் அதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

டேப் பேசியது.

'சஞ்சய், அப்பா பேசறேன். எங்கே போனே, ஞாயித்துக்கிழமைகூட ஆபீஸா? பரவாயில்லை. நேத்து ராத்திரி கப்பல்ல கடியாரத்தைப் பின்னால தள்ளி வெச்சாங்க. ஒரு மணி நேரம் கூடத் தூங்கினேன், அந்தத் தெம்புல பேசறேன். கீழே டான்ஸ் நடக்குது, கேக்குதா? வேளைக்குச் சாப்பிடு. அடுத்த வாரம் கூப்பிடறேன்.'

பின்னணியில் ஒரு மேற்கத்திய இசை. முடியும் தறுவாயில் அது இழுபட்டு, கனத்து, நின்றது. பலர் சேர்ந்து பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். பிறகு ஃபோன் வைக்கப்பட்டது.

"அப்பா கடைசியா பேசறதுக்கு முந்தின வாரம் ஆன்சரிங் மெஷின்ல பதிவானது இது" என்றான் சஞ்சய். "அவர் குரல்னு என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

விஷயம் இவ்வளவுதான். அவனுடைய அப்பா கோதண்டராமன் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு இதே ஆஸ்டின் டவுனில் இருந்த சொந்த வீட்டை விற்றுவிட்டு, 'மரியானா' என்ற உல்லாசக் கப்பலில் போய்க் குடியேறினார். சுற்றிப் பார்க்க அல்ல. வாழ. அந்தக் கப்பலில் அப்படி நிரந்தரமாகத் தங்கிவிட்ட பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்களாம். சாப்பாடு உண்டு, டாக்டர் உண்டு, துணி துவைக்க ஆள் உண்டு. பிள்ளைகளுக்குத் தொந்தரவு கிடையாது. ஞாயிறு காலை தவறாமல் மகனுக்கு ஒரு ஃபோன். மூன்று வாரமாக அது வரவில்லை. பதறிப்போய்க் கப்பல் கம்பெனிக்கு எழுதினான். அந்தப் பயணி சென்ற வருடமே கப்பலைவிட்டு இறங்கிவிட்டார், அதற்கு மேல் விவரம் தருவதற்கில்லை என்று பதில் வந்தது.

"போன வருஷமே இறங்கினவர் போன மாசம்வரைக்கும் கப்பல்லேருந்து பேசியிருக்கார்" என்றான் பெர்னார்ட். "சார், தப்பா நினைக்காதீங்க. அப்பா கல்யாணம் பண்ணிக்கிட்டார். நம்ம ஊர்ல இந்த வயசுல பொய் சொல்ற ஆம்பளைக்கு வேற காரணமே கிடையாது."

"பண்ணிக்கட்டுமே" என்றான் சஞ்சய். "எனக்கு ஒண்ணும் இல்லை. எங்கே இருக்கார்னு தெரியணும்."

"கடைசியா பேசினப்போ என்ன பேசினீங்க?" அனுஷா கேட்டாள்.

"சந்தாபுராவுல வீடு கட்டி முடிச்சிருக்கேன். கீழே ஒரு ரூம் அவருக்காகவே. படி ஏற வேண்டாம், பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பி வெச்சிருக்கேன். சுத்தினது போதும், எந்தத் துறைமுகம்னு சொல்லுங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்னேன். 'பார்க்கலாம்ப்பா'ன்னு வெச்சுட்டார். அப்புறம்தான் நின்னு போச்சு."

"வேற ஏதாவது?"

சஞ்சய் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கப்பலுக்குப் போனப்புறம் அவர் மாறிட்டார் மேடம். முதல்ல எல்லாம் 'நல்லா இருக்கேன், அங்கே மழையா, சரி வெச்சுடறேன்', அவ்வளவுதான். சின்ன வயசுலேருந்தே எங்களுக்குள்ள அவ்வளவுதான் பேச்சு. போன வருஷத்துலேருந்து வேற மனுஷன். சிரிப்பார். என்ன சாப்பிட்டேன்னு கேப்பார். என் மனைவி லாவண்யா என்னை விட்டுப் போனதை உலகத்துலயே முதல்ல நான் சொன்னது அவர்கிட்டதான். அந்த மனுஷனைத்தான் நான் தேடறேன். நான் கூப்பிட்டது பிடிக்காம கோவிச்சுக்கிட்டாரான்னு தெரிஞ்சாக்கூடப் போதும்."

அனுஷாவுக்குப் பேச்சு எப்போதும் கொஞ்சம் குறைவு. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தபோதும் பொய்க் கோரிக்கைகளைப் பேசிக் கண்டுபிடித்ததில்லை, பேசவிட்டுக் கண்டுபிடித்தாள். கப்பலின் இணையதளத்திலிருந்து எடுத்த வரைபடத்தை மேஜையில் விரித்தாள்.

"இந்த மெசேஜ் வந்த வாரம் கப்பல் இங்கேயிருந்து இங்கே போயிருக்கு." விரல் மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்தது. "கிழக்கே போற கப்பல்ல கடிகாரத்தை முன்னால தள்ளணும். தூக்கம் ஒரு மணி நேரம் குறையும். இவர் பின்னால தள்ளினாங்க, கூடத் தூங்கினேன்கறார். அந்தக் கப்பல் எந்தத் திசையில போகுதுன்னுகூட இவருக்குத் தெரியலை."

"அப்போ கப்பல்ல இல்லை. எங்கேதான் இருக்கார்?" என்றான் சஞ்சய்.

"ஃபோன் நம்பர்?"

"இன்டர்நெட் கார்டு மாதிரி ஏதோ. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வெளிநாட்டு நம்பர் வரும். கப்பல்னா அப்படித்தான்னு விட்டுட்டேன்."

பெர்னார்ட் காதை டேப் ரெக்கார்டரோடு ஒட்டி வைத்திருந்தான். ஏழாவது முறையாக அவனே ஓட்டினான். "மேடம், பாட்டு நிக்கலை."

"நிக்குதே."

"நிறுத்தலைங்கறேன். கரண்ட் போகுது." விரலை உயர்த்தினான். "கேளுங்க, பாட்டுக்குப் பின்னால டக் டக்குன்னு ஒரு ஃபேன். அதுவும் கூடவே இழுத்துக்கிட்டு நிக்குது. அப்புறம் அந்த மூச்சு. பாட்டை நிறுத்தினா யாராவது ஒருத்தராவது ஏன்னு கேப்பாங்க. கரண்ட் போனா யாரும் கேக்க மாட்டாங்க. 'ச்'சுன்னு சொல்லிட்டு உக்காந்துடுவாங்க. இந்த மூச்சை நான் பொறந்ததுலேருந்து விட்டுக்கிட்டு இருக்கேன். இது கப்பல் இல்லை மேடம். இது நம்ம பெங்களூர்."

அனுஷா டேப்பை நிறுத்தினாள். அவன் சொன்னது சரி. கடலில் மிதக்கிற ஒரு கப்பலில் மின்சாரம் போனால் அலறல்தான் கேட்கும்.

"பெங்களூர் பெரிய ஊர்" என்றாள்.

"கரண்ட் போற ஏரியா சின்னது. ஞாயித்துக்கிழமை காலைல லைனை ரிப்பேர் பண்றோம்னு ஏரியா ஏரியாவா நிறுத்துவாங்க. எனக்குப் பழைய கண்டோன்மெண்ட் பூரா சொந்தக்காரங்க. வேலைக்கு ஆகாத ஜனங்கன்னு எங்கம்மா சொல்லும். இன்னிக்கு ஆகும்."

ஃபோனை இழுத்து வைத்துக்கொண்டான். ஆஸ்டின் டவுனிலேயே இருக்கிற மாமாவுக்கு ஒன்றும் நினைவில்லை. அல்சூரில் இருக்கிற அண்ணி, அந்த ஞாயிறு தன் வீட்டில் கரண்டும் இருந்தது, வராத விருந்தாளிக்காக ஆக்கி வைத்த பிரியாணியும் இருந்தது என்று அவனைப் பிடித்துக்கொண்டாள். மர்பி டவுன் அத்தைதான் சட்டென்று சொன்னாள்.

"அன்னிக்கா? மறக்க முடியுமாடா? உன் மாமன் தம்பி குடும்பத்தோட வந்து உக்காந்துக்கினு இருக்கான். பத்து மணிக்குப் போன கரண்டு மத்தியானம் வரைக்கும் வரல. அத்தனை மசாலாவையும் அம்மியில அரைச்சேன். தோள்பட்டை இன்னும் தூக்க முடியல."

"அத்தை, உங்க பக்கத்துல இங்கிலீஷ் டான்ஸ் ஆடற இடம் ஏதாவது இருக்கா?"

"ஏன், பொண்ணு கிடைச்சிட்டாளா?"

"கேக்கறதுக்குப் பதில் சொல்லேன்."

"ஜூடித் வீட்டு ஹால்லதான். கல்யாணம் ஆகப்போற பிள்ளைங்களுக்குக் கத்துக்குடுக்கறாங்க. மாடியில கப்பல்லேருந்து வந்த பெரியவர் ஒருத்தர் இருக்கார், அவர்தான் மாஸ்டர்."

பெர்னார்ட் ஃபோனை வைத்துவிட்டு எழுந்து நின்று சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். "சார், உங்க அப்பா டான்ஸ் மாஸ்டர்."

"அப்பாவா?" சஞ்சய் முதல் முறையாகச் சிரித்தான். சிரிப்பு முகத்தில் சரியாக உட்காரவில்லை. "அவர் கோயில்ல பிரதட்சணம்கூட வேகமா பண்ண மாட்டார்."

அவனை ஆபீஸுக்கு அனுப்பிவிட்டு, அவன் கொடுத்த போட்டோவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள் அனுஷா.

*

மர்பி டவுனில் பெர்னார்டின் ஸ்கூட்டர் நுழைந்தபோது மூன்று மணி இருக்கும். சந்து குறுகலாக இருந்தது. ஜூடித் வீட்டு ஹாலில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஒரு இளம் ஜோடி ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தது. கறுப்புக் கவுன் போட்ட, கண்ணாடி அணிந்த பெண்மணி கைதட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மேலே ஒரு ஃபேன் டக் டக்கென்று சுற்றியது.

பெர்னார்ட் அனுஷாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

"வாங்க, வாங்க" என்றார் ஜூடித். "கல்யாணம் எப்போ?"

"ஐயோ ஆன்ட்டி, இவங்க என் முதலாளி. இவங்க காலை மிதிச்சா வேலை போயிடும். நாங்க கப்பல்லேருந்து வந்தவரைப் பார்க்கணும்."

"அங்கிளையா?" ஜூடித் குரலைத் தாழ்த்தினார். "மாடியில இருக்கார். மூணு வாரமா கீழேயே இறங்கலை. முட்டி வலின்னு சொல்றார். எனக்கென்னவோ முட்டி இல்லைன்னு தோணுது. ஞாயித்துக்கிழமை ஆனா பத்து மணிக்கு ஹால்ல ஃபோன் பக்கத்துல வந்து உக்காருவார், டான்ஸ் கத்துக்கற பிள்ளைங்க சத்தத்துலயும் பேசுவார். இப்போ அந்தப் பக்கமே வரமாட்டேங்கறார். நீங்க சொந்தமா?"

"சொந்தத்தைக் கூப்பிடத்தான் போறேன்" என்று பெர்னார்ட் மொபைலை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போய்விட்டான்.

அனுஷா வீட்டுக்கு வெளிப்பக்கமாக இருந்த இரும்புப் படியில் ஏறினாள். கதவு திறந்துதான் இருந்தது.

சிறிய அறை. எல்லாம் எட்டுகிற தூரத்தில். அலமாரியில் மருந்து பாட்டில்கள் உருண்டு விழாதபடி முன்னால் ஒரு கம்பி கட்டியிருந்தது. தரை ஆடாத ஊரில் அந்தக் கம்பிக்கு வேலையே இல்லை. கட்டிலில் விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துவிடப்பட்டிருந்தது. அதன் நடுவில் ஒரு துண்டு, அன்னப் பறவை மாதிரி மடித்து வைக்கப்பட்டிருந்தது. கப்பல் அறைகளைச் சுத்தம் செய்கிறவர்கள் பயணிகளுக்காக அப்படி மடித்துவைப்பார்கள் என்று எங்கோ படித்திருக்கிறாள். இங்கே மடித்தவரும் அவரே, வந்து பார்க்கிறவரும் அவரே.

ஜன்னலோரம் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"கோதண்டராமன் சார்?"

முதுகு அசையவில்லை. பிறகு, "உள்ள வாம்மா" என்றது குரல்.

டேப்பில் ஏழு முறை கேட்ட குரல். அனுஷாவுக்கு மூச்சு இலேசாயிற்று. கீழே பெர்னார்ட் யாரிடமோ உற்சாகமாகப் பேசுவது கேட்டது. அவர் எழுந்து திரும்பினார்.

போட்டோவில் இருந்த கோதண்டராமன் குள்ளமானவர், வட்ட முகம், விரிந்த காதுகள். எதிரே நின்றவர் ஆறடி உயரம். ஒல்லி. வாரிவிட்ட வெள்ளை முடி. கதவுநிலைக்குக் குனிந்து பழகிய முதுகு.

குரல் அவருடையது. முகம் அவருடையது அல்ல.

"நீங்க யார்?" என்றாள்.

"சில்வெஸ்டர். ரயில்வேயில கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன். இந்தத் தெருவுலதான் பொறந்தேன்." அவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திவிட்டுத் தான் நின்றார். "சஞ்சய் அனுப்பினானா?"

"கோதண்டராமன் எங்கே?"

"பினாங்குல."

"பினாங்குல எங்கே?"

"கடல்லதான். சாம்பலைக் கடல்லதான் விட்டோம்."

கீழே இசை ஆரம்பித்தது. ஜூடித் கைதட்டினார். அனுஷா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கப்பல்ல நான் என்ன வேலை பார்த்தேன்னு சொன்னா சிரிப்பே" என்றார் சில்வெஸ்டர். "ஆடற வேலை. புருஷன் இல்லாத பொம்பளைங்க தனியா வருவாங்க. அவங்களோட ஆட ஆள் வேணும். நல்லா டிரெஸ் பண்ணத் தெரிஞ்ச, வால்ட்ஸ் டான்ஸ் தெரிஞ்ச வயசான ஆம்பளைங்களைக் கப்பலே வெச்சுக்கும். சம்பளம் கிடையாது. ரூமும் சாப்பாடும் சும்மா. ஒரே லேடியோட அடுத்தடுத்து ரெண்டு பாட்டு ஆடக்கூடாது, அது ரூல். எனக்குக் கல்யாணம் ஆகலை. இங்கே உக்காந்து என்ன பண்றது, போனேன். வருஷக்கணக்கா அங்கேயே கிடந்தேன்."

"அங்கேதான் அவரைப் பார்த்தீங்களா?"

"ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா எல்லாரும் இறங்கிப் போவாங்க. புது ஜனம் சாயந்திரம் ஏறும். நடுவுல அரை நாள் கப்பல் காலியா இருக்கும். மெத்தை எல்லாம் உருவிப் போட்டிருப்பாங்க, டைனிங் ஹால்ல மேஜைத் துணிகூட இருக்காது. எங்களை மாதிரி அங்கேயே குடியிருக்கிற ஏழெட்டுப் பேர் மட்டும் ஆளுக்கொரு மூலையில உக்காந்திருப்போம். யாரும் யாரோடயும் பேச மாட்டோம். பேசினா, நாமளும் இறங்க வேண்டிய ஆள்தானேன்னு நினைப்பு வந்துடும். அப்படி ஒருநாள் பின்னாலேருந்து ஒரு குரல், 'இவனுங்க காப்பில என்னத்தைப் போடறானுங்க'ன்னு தமிழ்ல. நம்ம கண்டோன்மெண்ட் தமிழ்ல. திரும்பிப் பார்த்தா கோதண்டம்."

அவர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அனுஷா வாங்கிக்கொண்டாள்.

"போன வருஷம் மலேசியாவுல பினாங்கு போற வழியில நெஞ்சு வலி வந்துடுச்சு. ஸ்ட்ரெச்சர்ல இறக்கினாங்க. தனியா எப்படி விடறது, நானும் இறங்கிட்டேன். என் சூட்டெல்லாம் கப்பலோடயே போயிடுச்சு. ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் இருந்தார். சனிக்கிழமை, 'நாளைக்குப் பையன் ஃபோனுக்குக் காத்திருப்பான், நீ பேசி நான் நல்லா இருக்கேன்னு சொல்லு'ன்னார். ஞாயித்துக்கிழமை விடியறப்போ போயிட்டார். அங்கே நம்ம ஜனங்க இருக்காங்க, ஐயர் ஒருத்தர் வந்து முறைப்படி எல்லாம் செஞ்சார். பாஸ்போர்ட்ல இருந்த விலாசத்துக்குக் காகிதம் அனுப்பியிருப்பாங்க."

அவர் விற்ற வீட்டின் அந்த விலாசத்தில் இப்போது நாலு மாடி அபார்ட்மெண்ட் நிற்கிறது. அனுஷா அதைத் தினமும் கடந்துதான் அலுவலகத்துக்குப் போகிறாள்.

"அன்னிக்குப் பையனைக் கூப்பிட்டீங்க."

"செத்துட்டார்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி, 'சொல்லுங்கப்பா'ங்கறான். கப்பல் ஃபோன்ல எல்லாக் குரலும் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரிதான் கேக்கும், பினாங்கு லைனும் அப்படித்தான். ஒரு வார்த்தை பேசினேன். அழ ஆரம்பிச்சுட்டான். 'லாவண்யா போயிட்டாப்பா'ன்னான்." சில்வெஸ்டர் கைகளை விரித்தார். "அவன்கிட்ட அன்னிக்கே உங்கப்பாவும் போயிட்டார்னு சொல்லச் சொல்றியா? அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம்னு ஒண்ணு இருந்தது."

"இங்கே வந்தப்புறமும்."

"இங்கே வந்தப்புறம் வேற மாதிரி ஆயிடுச்சு. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு இந்த ஊர்ல ஒருத்தன் எனக்காகக் காத்திருக்கான். என்ன பண்ணுவே நீ?"

அனுஷா தங்கியிருக்கும் ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோனுக்கு வரிசை நிற்கும். அவள் அந்த வரிசையில் நிற்பதில்லை. அவள் வேறு கேள்வி கேட்டாள்.

"கப்பல் கிழக்கே போற வாரத்துல கடிகாரத்தைப் பின்னால தள்ளினதாச் சொன்னீங்க."

"அந்த மாசம் கப்பல் மேற்கேதானே போகும். ஒவ்வொரு வருஷமும் அதே சுத்து, எனக்கு மனப்பாடம்."

"இந்த வருஷம் மாத்திட்டாங்க. எதிர்ப்பக்கமா சுத்துது."

"ஹௌதா?" அப்படியா என்று கன்னடத்தில் கேட்டார், தன்னையறியாமல். சொந்த வீட்டு வாசலை இடித்து வேறு பக்கம் வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டவர் மாதிரி இருந்தது முகம். "என்கிட்ட யாரும் சொல்லலையே."

இரும்புப் படி அதிர்ந்தது. பெர்னார்ட் இரண்டிரண்டாகத் தாவி வந்தான். "ஆயித்து மேடம், வேலை முடிஞ்சுது. சார்கிட்ட உங்கப்பா கிடைச்சுட்டார்னு சொல்லிட்டேன். ஃபோன்லயே அழுதுட்டாரு. கோரமங்களா ஆபீஸ்லேருந்து காரை எடுத்துட்டாரு, இதோ வந்துடு..." சில்வெஸ்டரின் உயரத்தைப் பார்த்தான். அனுஷாவின் கையில் இருந்த போட்டோவைப் பார்த்தான். "இவர் இல்லையா?"

"குரல் இவர்தான்."

"அப்போ அப்பா?"

அனுஷா இல்லை என்று தலையை ஆட்டினாள். பெர்னார்ட் கையில் இருந்த மொபைலை மெல்லப் பைக்குள் போட்டான்.

சில்வெஸ்டர் குனிந்து ஷூவைத் தேடிக்கொண்டிருந்தார். பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. போட்டுக்கொண்டு நாடாவை முடியத் தொடங்கினார். "பின்னால ஒரு வழி இருக்கு. ஜூடித் சமையல்கட்டு வழியா. நீங்க வந்தப்போ ரூம் காலியா இருந்ததுன்னு சொல்லிடுங்க. இல்லை, செத்துட்டார்னு நீங்களே சொல்லிடுங்க. போன மாசம் செத்தார்னு சொல்லுங்க. அதுவரைக்கும் பேசினது அவராவே இருக்கட்டும்."

பெர்னார்ட் அனுஷாவைப் பார்த்தான். அது ஒன்றும் கெட்ட யோசனை இல்லை என்று அவன் முகம் சொன்னது. அனுஷாவுக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. சஞ்சயிடம் அந்த ஞாயிறுகளையாவது விட்டு வைக்கலாம்.

"நீங்க போனா அவனுக்கு ரெண்டு பேர் காணாமப் போவாங்க" என்றாள். "ஒருத்தரையாவது அவன் பார்க்கட்டும்."

சில்வெஸ்டர் நாடாவை விட்டுவிட்டார்.

கார் கதவு சாத்தப்பட்ட சத்தம் கேட்டது. பிறகு படியில் காலடி. பாதியிலேயே "அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தான் சஞ்சய். கழுத்தில் அந்த அடையாள அட்டை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே வந்து பெர்னார்டைப் பார்த்தான், அனுஷாவைப் பார்த்தான், நடுவில் நின்ற நெட்டை மனிதரைத் தாண்டிப் பார்த்தான்.

"சஞ்சய்" என்றார் சில்வெஸ்டர்.

அவன் முகம் அப்படியே மலர்ந்தது. அந்தக் குரல் வந்த திசையில், சில்வெஸ்டருக்குப் பின்னால், காலியாக இருந்த சுவர்ப் பக்கம் அப்பாவைத் தேடினான்.

அனுஷா எழுந்தாள். இந்த மாதிரி விஷயங்களைச் சுற்றிவளைத்துச் சொல்ல அவளுக்கு வராது. "சஞ்சய், உங்க அப்பா போன வருஷம் பினாங்குல இறந்துட்டார். அதுக்கப்புறம் உங்களோட பேசினது இவர்."

அவன் கத்துவான் என்று பெர்னார்ட் எதிர்பார்த்து ஓர் அடி முன்னால் வந்தான். சஞ்சய் கத்தவில்லை. அன்னப் பறவையாக மடித்து வைத்திருந்த துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். சில்வெஸ்டர் மறுபடி எல்லாவற்றையும் சொன்னார், இந்த முறை கால்வாசி வார்த்தைகளில். கப்பல், நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி, கடல். கீழே பாட்டு முடிந்து வேறு பாட்டு ஆரம்பித்தது.

"என் அப்பாவோட குரல் எனக்குத் தெரியலை" என்றான் சஞ்சய் கடைசியில். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "ஒரு வருஷத்துக்கும் மேலே. வேற ஆள் பேசறார், எனக்குத் தெரியலை."

"கப்பல் ஃபோன்..." என்று ஆரம்பித்தார் சில்வெஸ்டர்.

"வேண்டாம்." அவன் வாசல் பக்கம் திரும்பினான். ஒரு கால் படியில் இருந்தபோது நின்றான். "முதல் தடவை நீங்க பேசினப்போவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஃபோனை எடுத்ததும், 'உன் குரல் சரியில்லையே, என்னப்பா ஆச்சு'ன்னு கேட்டீங்க. எங்கப்பா வாழ்க்கையில என்னை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அந்த ஒரு கேள்விலதான் நான் உடைஞ்சேன். அப்போவே கண்டுபிடிச்சிருக்கணும்."

"அது என் கேள்வி இல்லை" என்றார் சில்வெஸ்டர்.

சஞ்சய் திரும்பவில்லை.

"அதுக்கு முந்தின ஞாயிறு உங்கப்பா உன்னோட பேசினார். அதுதான் கடைசி. நான் ஃபோன் ரூமுக்கு வெளியே நின்னுக்கிட்டு இருந்தேன். பேசிட்டு வந்து, 'பையன் குரல் சரியில்லை சில்வெஸ்டர், மீட்டிங்னு பொய் சொல்றான், ஞாயித்துக்கிழமை என்ன மீட்டிங்'ன்னார். அன்னிக்கு பூரா டெக்குல நடந்துக்கிட்டே இருந்தார். அடுத்த வாரம் கேக்கணும், எப்படிக் கேக்கறது, இதுவரைக்கும் கேட்டதில்லையேன்னார். எனக்கு என்ன தெரியும், எனக்குப் பிள்ளையா குட்டியா. இப்படிக் கேக்கலாமா, அப்படிக் கேக்கலாமான்னு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுக்கூட சொல்லிப் பார்த்தார். ஃபோன்ல நீ 'சொல்லுங்கப்பா'ன்னதும் எனக்கு வேற எதுவும் வாயில வரலை. அவர் தயார் பண்ணி வெச்சிருந்ததுதான் வந்தது. அதுக்கப்புறம் பேசினது எல்லாம் நான். அது மட்டும் அவர்."

சஞ்சய் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெர்னார்ட் தரையைப் பார்த்தான்.

"அந்த ஞாயிறு நான் அவரோட என்ன பேசினேன்னு எனக்கு ஞாபகமே இல்லை" என்றான் சஞ்சய். "லாவண்யா பெட்டியைக் கட்டிக்கிட்டு இருந்தா. சீக்கிரம் வெச்சா போதும்னு இருந்தது."

"எனக்கு ஞாபகம் இருக்கு. அவர் என்கிட்ட ஒண்ணு விடாம சொல்லுவார். சொல்ல வேற ஆள் ஏது?"

அனுஷா கைப்பையை எடுத்துக்கொண்டாள். பெர்னார்டின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள். படியில் இறங்கும்போது பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"முதல்ல காப்பியைத் திட்டினார்" என்று சில்வெஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். "அது தினமும் திட்டறதுதான். அதுக்கப்புறம் சொன்னதைச் சொல்றேன், உக்காருப்பா."